‘ஸ்ரைக்’: ஓர் ஆங்கிலச் சொல்லின் சமூக வரலாறு

1

ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்கள் உள்ளன என்ற வினாவுக்கு அகராதி விடை தந்துவிடும். அச்சொல்லை யார் வழங்கினர், யாருடைய செயலைக் குறிக்க அது பயன்பட்டது, யாருடைய செயலுக்கு அது மறுக்கப்பட்டது ஆகிய வினாக்களுக்கு அகராதியில் விடை கிடையாது. அவ்விடையைச் சமூக வரலாற்றிடமே நாம் தேடவேண்டியுள்ளது. மொழிக்குறி ஒவ்வொன்றினுள்ளும் முரண்பட்ட சமூக நலன்கள் மோதுகின்றன என்று சோவியத் மொழியியலாளரான வொலொசினொவ் 1929 இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். றேமண்ட் வில்லியம்ஸ் 1976 இல் வெளியிட்ட ‘கீவேர்ட்ஸ்’ என்னும் நூல், பண்பாடு, வர்க்கம், கைத்தொழில் ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் முதலாளித்துவ வளர்ச்சியோடு எவ்வாறு பொருள் மாறின என்பதை விரிவாக எடுத்துக் காட்டிற்று.

வில்லியம்ஸ் ஆராய்ந்தவை பெரும்பாலும் கற்றோர் வாதங்களில் உருண்டு திரண்ட சொற்கள். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது துறைமுகத்திலே பிறந்த ஒரு சொல்லாகும். ‘ஸ்ரைக்’ என்ற அச்சொல்லை ஆங்கிலம் அறியாத நமது தொழிலாளரும் நன்கறிவர். ‘ஸ்ரைக் பண்ணுறம்’ என்று சொல்வதற்கு அவர்களுள் எவரும் அகராதியைப் புரட்டவில்லை.

2

பழைய ஆங்கிலத்தில் இவ்வினைச்சொல்லின் மூலவடிவம் மெல்லத் தடவுதல், தேய்த்தல், நகர்ந்து செல்லுதல் ஆகிய பொருள்களையே கொண்டிருந்தது. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச்சொல் இன்றும் தடவுதல், பூசுதல், கோடிட்டு நீக்குதல் ஆகிய பொருள்களில் வழங்குகிறது. அடித்தல் என்ற பொருள் இடைக்கால ஆங்கிலத்திலேதான் மேலோங்கியது. இன்று மணிக்கூடு அடிப்பதற்கும், தீக்குச்சி உரசுவதற்கும், மின்னல் தாக்குவதற்கும், நாணயம் வார்ப்பதற்கும், பேரம் படிவதற்கும், எழுத்தைக் கோடிட்டு அழிப்பதற்கும், விமானம் குண்டு பொழிவதற்கும் இந்த ஒரு சொல்லே பயன்படுகிறது.

இப்பொருள்களுள் இரண்டு எமது ஆய்வுக்கு முக்கியமானவை. முதலாவது தானிய அளவை பற்றியது. அளவைப் பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் குவிந்து நிற்கும் தானியத்தை ஒரு கோலினால் வழித்துச் சமப்படுத்துவதை ஆங்கிலேயர் இச்சொல்லாற் குறித்தனர். அவ்வாறு அளந்த தானிய அளவுக்கும் இதுவே பெயராயிற்று. நமது வழக்கிலே தலைவழித்து அளத்தல் என்பது இதுவே. ஒரு மரக்கால் தலைவழித்ததா, கும்பமாகக் குவித்ததா என்பது வெறும் அளவைச் சிக்கலன்று. வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது வழித்தும் அளந்தவன் யார் என்ற வினா அதனுள் அடங்கியுள்ளது. போலந்து வரலாற்றாசிரியர் விற்றோல்ட் குலா, நிலமானிய ஐரோப்பாவில் அளவைகளைச் சுற்றி எழுந்த பூசல்களை ஆராய்ந்து, அளவைகளின் வரலாறு சமூக முரண்பாடுகளின் வரலாறே என்பதை நிறுவினார்.

இரண்டாவது கடலோடிகளின் வழக்கு. பாயை இறக்குதல், கொடியை இறக்குதல், பாய் கட்டும் குறுக்குமரமாகிய பருமலை இறக்குதல் ஆகிய யாவற்றையும் ஆங்கில மாலுமிகள் இச்சொல்லாலேயே குறித்தனர். இங்கே அடித்தல் என்ற பொருளுக்கு இடமில்லை. நிமிர்ந்து நிற்பதைக் கீழே கொண்டுவருதல் என்பதே கருத்து. எமக்கு வேண்டிய சொல் இந்த வழக்கிலிருந்தே கிளைத்தது.

3

1768 ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் இலண்டன் மாநகர் கொந்தளித்துக் கொண்டிருந்தது. பாண் விலை ஏறியிருந்தது. ஜோன் வில்க்ஸ் என்ற அரசியல்வாதியின் பொருட்டு மக்கள் தெருவில் இறங்கியிருந்தனர். பட்டு நெசவாளர், நிலக்கரி சுமப்போர் முதலிய பல தொழிலினரும் கூலி உயர்வு கோரிப் போராடினர். அவ்வேளையில் தேம்ஸ் நதியிலிருந்த வணிகக் கப்பல்களின் மாலுமிகள், கப்பல் கப்பலாக ஏறிப் பாய்களையும் பருமல்களையும் இறக்கினர். கூலி உயரும்வரை எக்கப்பலும் புறப்படாது என்பதே அச்செயலின் பொருள். தொழிலாளர் கூட்டாக வேலையை நிறுத்துவதை இச்சொல்லாற் குறிக்கும் வழக்கு இந்நிகழ்ச்சி பற்றிய அக்காலக் குறிப்புகளிலிருந்தே பதிவாகியுள்ளது என்பது அகராதியியலாளர் பெரும்பாலும் ஏற்கும் விளக்கமாகும். பெயர்ச்சொல்லாக அது நிலைபெறப் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

இப்பிறப்பிலே கவனிக்கத்தக்க உண்மையொன்று உண்டு. அன்றைய அதிகார வர்க்கத்திடம் இத்தகைய செயல்களுக்குப் பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. சட்டம் அதனைச் ‘சதிக்கூட்டு’ என்றது. கப்பற்றலைவன் ‘கலகம்’ என்றான். நீதவான் ‘குழப்பம்’ என்றான். புதிய சொல்லோ இவற்றுள் எதனோடும் சேராதது. மாலுமி தனது கையாற் செய்த வேலையின் பெயரை அப்படியே தனது போராட்டத்துக்கும் இட்டான். பாயை ஏற்றத் தெரிந்த கையே அதனை இறக்கவும் வல்லது என்ற அறிவு அப்பெயரில் உள்ளுறையாக நின்றது.

எனினும் இந்நிகழ்ச்சியை நாம் வீரகாவியமாக்கிவிடலாகாது. நிலக்கரி சுமந்தோர் வேலையை நிறுத்தியபோது, கப்பலிலிருந்த நிலக்கரியை இறக்கியோர் மாலுமிகளே. இரு சாராருக்குமிடையில் இரத்தம் சிந்திற்று. அவ்வாண்டு யூலை மாதத்திலே நிலக்கரி சுமந்தோர் ஏழு பேர் தூக்கிலிடப்பட்டனர். சொல் பிறந்த அதே ஆண்டிலே அச்சொல் கோரும் ஒற்றுமை எய்தப்படவில்லை என்பதும் வரலாற்றின் பகுதியே.

ஒப்பீட்டுக்காகப் பிற ஐரோப்பிய மொழிகளையும் நோக்குதல் தகும். பிரெஞ்சு மொழியில் ‘கிறெவ்’ என்பது பாரிஸ் நகரின் ஆற்றங்கரைச் சதுக்கமொன்றின் பெயர். வேலையற்றோர் கூலி தேடி அங்கே கூடினர். வேலை தேடி நிற்றலைக் குறித்த சொல் பின்னர் வேலையை மறுத்து நிற்றலைக் குறிக்கலாயிற்று. ஸ்பானிய மொழியின் ‘உவெல்கா’ ஓய்ந்திருத்தல் என்ற பொருளடியாகப் பிறந்தது. ருஷ்ய மொழியின் ‘சபஸ்தோவ்கா’ ‘போதும்’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லொன்றிலிருந்து, சீட்டாட்ட வழக்கின் ஊடாக வந்தது. ஜெர்மானியர் ஆங்கிலச் சொல்லையே கடன் வாங்கிக்கொண்டனர். ஒவ்வொரு மொழியும் உழைப்பின் ஒவ்வொரு கணத்திலிருந்து இச்செயலுக்குப் பெயர் கண்டுள்ளது.

4

1799 இலும் 1800 இலும் இயற்றப்பட்ட கூட்டிணைவுத் தடைச் சட்டங்கள், கூலிக்காகத் தொழிலாளர் ஒன்றுசேர்வதையே குற்றமாக்கின. 1824 இல் அவை நீக்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து வேலைநிறுத்தங்கள் பெருகவே, மறு ஆண்டிலேயே பாராளுமன்றம் புதிய சட்டமொன்றை இயற்றியது. ஒன்றுசேர்வதை அது அனுமதித்தது. ஆனால் ‘அச்சுறுத்தல்’, ‘தொந்தரவு’, ‘இடையூறு’ ஆகியவற்றைத் தண்டனைக்குரியனவாக்கியது. இச்சொற்களின் எல்லையை வகுக்கும் அதிகாரம் நீதவான்களிடம் விடப்பட்டது. மேலும், 1823 ஆம் ஆண்டின் எசமான் வேலையாள் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளி மூன்று மாதம்வரை சிறை செல்லவேண்டும். மீறுபவன் எசமானாயின் அது வெறும் உரிமை வழக்கே. இச்சமனின்மை 1875 இலேயே முற்றாக ஒழிந்தது.

அக்காலத்தில் இங்கிலாந்தின் வடபகுதி நெசவாலைகளில் ‘வெளியேறுதல்’ என்று பொருள்படும் வேறொரு சொல்லே மிகுதியாக வழங்கியது. 1845 இல் வெளிவந்த, இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்க நிலை பற்றிய தமது நூலில் எங்கெல்ஸ் அவ்வழக்கையும் எடுத்தாண்டுள்ளார். வேலைநிறுத்தங்களைத் தொழிலாளரின் போர்ப்பயிற்சிக் கூடங்களாக அவர் கண்டார். வில்லியம் பென்போ 1832 இல் வெளியிட்ட துண்டுப்பிரசுரமோ பொது வேலைநிறுத்தத்தை ‘மாபெரும் தேசிய விடுமுறை’ என்று அழைத்தது. உழைப்போருக்கும் விடுமுறை உண்டு என்பதே ஒரு புரட்சிக் கருத்தாயிருந்த காலம் அது. இவ்வழக்குகள் யாவும் பின்தள்ளப்பட, துறைமுகச் சொல்லே நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று.

அம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த கணத்தை ஆங்கில நாவல் பதிவு செய்துள்ளது. 1853-54 இல் பிரெஸ்ற்றன் நகர நெசவாலைகளில் நிகழ்ந்த நெடிய போராட்டம் எழுத்தாளர் கவனத்தை ஈர்த்தது. டிக்கன்ஸ் அந்நகருக்குச் சென்று வந்து ஒரு கட்டுரை எழுதினார். 1854 இலேயே அவரது ‘ஹாட் டைம்ஸ்’ நாவலும் வெளிவந்தது. எலிசபெத் காஸ்கெல் எழுதிய ‘நோர்த் அன்ட் சவுத்’ 1854-55 இல் டிக்கன்ஸின் வார இதழிலே தொடராக வந்தது. அந்நாவலின் அத்தியாயமொன்றின் தலைப்பே வேலைநிறுத்தம் என்றால் என்ன என்ற வினாவாக அமைந்துள்ளது. தென்னிங்கிலாந்தின் கிராமத்திலிருந்து வந்த பாதிரியாரின் மகளுக்கு அச்சொல் விளங்கவில்லை. நெசவாலைத் தொழிலாளியான ஹிக்கின்ஸ் அதனை அவளுக்கு விளக்குகிறான். படித்த நடுத்தர வர்க்கப் பெண்ணுக்குத் தொழிலாளியொருவன் ஒரு சொல்லைக் கற்பிக்கும் இக்காட்சி, மொழி கற்பிக்கும் உரிமை யாருடையது என்ற வழமையான ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. டிக்கன்ஸ் தமது நாவலில் தொழிற்சங்கப் பேச்சாளனை வெறும் வாய்ச்சொல் வீரனாகவே காட்டினார். காஸ்கெலோ தொழிலாளியின் வாயிலிருந்தே அச்சொல்லின் நியாயத்தைக் கேட்கச் செய்தார். வர்க்க இணக்கத்தையே அவரும் தீர்வாகக் கண்டார் என்ற வரம்பை நாம் மறக்கவில்லை. ஆயினும் கேட்கும் செவி அவரிடம் இருந்தது.

1888 இல் கிழக்கிலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையின் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும், 1889 இல் மணித்தியாலத்துக்கு ஆறு பென்ஸ் கோரிய துறைமுகத் தொழிலாளரும் இச்சொல்லுக்கு நிமிர்வைத் தந்தனர். 1926 மே மாதத்தின் பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாட்களில் முடிவுற்றது. மறு ஆண்டில் ஆளும் வர்க்கம் இயற்றிய சட்டம், வேலைநிறுத்தம் என்றால் என்ன என்பதற்கு ஒரு வரைவிலக்கணமும் வகுத்தது. தொழிலொன்றில் அமர்த்தப்பட்டோர் கூட்டுச்சேர்ந்து வேலையை நிறுத்துதல் அல்லது பொது உடன்பாட்டின்படி வேலையைத் தொடர மறுத்தல் என்பது அதன் சாரம். ஏறத்தாழ அதே சொற்களில் அவ்வரைவிலக்கணம் 1935 ஆம் ஆண்டின் இலங்கைத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்திலும் இடம்பெற்றது. தேம்ஸ் நதியில் மாலுமிகள் படைத்த சொல், அவர்களை ஒத்தோரைத் தோற்கடித்தவர்களின் வரைவிலக்கணத்தோடு எமது நாட்டுச் சட்டநூலில் ஏறியது.

5

மேற்கூறிய வரைவிலக்கணத்தில் ‘அமர்த்தப்பட்டோர்’ என்ற சொல்லே திறவுகோல். தனது உழைப்பை விற்கவும் விற்காதிருக்கவும் சுதந்திரமுடையவன் என்று ஏற்கப்பட்டவன் வேலையை மறுத்தாலே அது வேலைநிறுத்தம் எனப்படும். அச்சுதந்திரம் ஏற்கப்படாதவன் அதே செயலைச் செய்தால் அதற்கு வேறு பெயர் சூட்டப்படும். இச்சொல்லின் வரலாற்றில் எமது கருத்தை மிகவும் ஈர்ப்பது இதுவே.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென்பகுதிப் பருத்தித் தோட்டங்களிலிருந்து கறுப்பின அடிமைகள் திரள் திரளாக வெளியேறி வடபகுதிப் படைகளைச் சென்றடைந்தனர். வரலாற்று நூல்கள் அவர்களை ‘ஓடிப்போனோர்’ என்றன. டூ போய்ஸ் 1935 இல் வெளியிட்ட தமது நூலில் அவ்வெளியேற்றத்தைக் கூறும் அத்தியாயத்துக்குப் ‘பொது வேலைநிறுத்தம்’ என்று தலைப்பிட்டார். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் தமது உழைப்பை ஒரு தரப்பிடமிருந்து மீட்டு மறு தரப்புக்கு வழங்கியமை போரின் முடிவையே நிருணயித்தது என்பது அவரது வாதம். ஒரு சொல்லை உரியவருக்கு வழங்கியதன் மூலம் அவர் ஒரு மக்கட்கூட்டத்தை வரலாற்றின் செயற்படுபொருள் நிலையிலிருந்து எழுவாய் நிலைக்கு உயர்த்தினார்.

எமது மலையகத்தின் கதையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒப்பந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டு நீங்கும் தொழிலாளிக்குச் சிறைத்தண்டனை விதித்தது. பிரித்தானியாவில் 1875 இல் ஒழிந்த ஏற்பாடு இங்கே 1920 களின் தொடக்கம்வரை உயிர்வாழ்ந்தது. தாங்கமுடியாத நிலையில் தொழிலாளர் கூட்டாகத் தோட்டத்தை விட்டு நீங்கியபோது, துரைமார் அதனை ‘போல்ற்றிங்’ என்றனர். கட்டறுத்தோடும் குதிரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் வினைச்சொல் அது. கடனைக் குறித்த துண்டின்றி வேறு தோட்டத்திலும் அவர்கள் வேலைபெற இயலாது. ‘துண்டு’ என்ற எமது தமிழ்ச்சொல் ஆங்கில ஆவணங்களில் ஏறிய அதே காலத்தில், ‘ஸ்ரைக்’ என்ற ஆங்கிலச் சொல் எம்மக்களுக்கு மறுக்கப்பட்டது. கொழும்பிலே 1893 இல் அச்சகத் தொழிலாளரும், 1906 இல் வண்டிக்காரரும், 1912 இல் புகையிரதத் தொழிலாளரும், 1923 இல் ஏ.ஈ. குணசிங்கவின் தலைமையில் நகரத் தொழிலாளரும் அச்சொல்லைத் தமதாக்கிக்கொண்டனர். இவ்வரலாற்றை 1972 இல் வெளிவந்த குமாரி ஜயவர்த்தனவின் நூல் விரிவாகக் கூறும். மலையகத் தொழிலாளர் அதனைப் பெறுவதற்குக் கோ. நடேசய்யர் 1931 இல் அமைத்த தொழிற்சங்கமும், அதன்பின் எழுந்த போராட்டங்களும் வேண்டியிருந்தன. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் குண்டுக்குப் பலியான கோவிந்தன், ஓடிப்போன ஒருவனாகச் சாகவில்லை. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளியாகவே மடிந்தான்.

யாழ்ப்பாணச் சமூகத்தைப் பற்றியும் இங்கே ஒரு வினா எழுப்புதல் அவசியம். குடிமைத் தொழில் செய்ய நிர்ப்பந்திக்கப்பட்டோர் பறையடிக்கவும் பிணஞ்சார்ந்த ஊழியங்களைச் செய்யவும் மறுத்தபோது, அச்செயலை யாராவது வேலைநிறுத்தம் என்றார்களா? ‘திமிர்’ என்றும் ‘வழக்கம் மீறல்’ என்றும் உயர்சாதியினர் கூறினர். கூலி உழைப்பு என்று ஏற்கப்படாத உழைப்பு, கடமை எனப்படுகிறது. கடமையை நிறுத்துவதற்கு உரிமையின் சொல் கிடைப்பதில்லை. பெண்களின் வீட்டுழைப்புக்கும் இது பொருந்தும். 1975 ஒக்ரோபர் 24 ஆம் திகதி ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ தொண்ணூறு சதவீதத்தினர் தொழிலையும் சமையலையும் பிள்ளை பராமரிப்பையும் நிறுத்தித் தெருவில் இறங்கினர். பலதரப்பட்ட பெண்களும் சேரவேண்டும் என்பதற்காக அந்நாளை அவர்கள் ‘பெண்களின் விடுமுறை நாள்’ என்றே அழைத்தனர். பென்போவின் விடுமுறைச் சொல் நூற்று நாற்பத்துமூன்று ஆண்டுகளின் பின் வேறொரு கடலோரத்தில் உயிர்த்தெழுந்தது போலும்.

6

தமிழ் இச்சொல்லை எவ்வாறு ஏற்றது? ‘வேலைநிறுத்தம்’ என்ற ஆக்கம் மிக நுட்பமானது. வேலை நிற்பது தன்வினை; நிறுத்துவது பிறவினை. வேலை தானாக நிற்கவில்லை, ஒருவர் அதனை நிறுத்துகிறார், நிறுத்தும் வல்லமை அவரிடமே உள்ளது என்ற உண்மையைத் தமிழ் இலக்கணமே இச்சொல்லினுள் வைத்துவிட்டது. இலங்கையில் இதனோடு ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்ற சொல்லும் வழங்குகிறது. சிங்களத்தின் ‘வெட வர்ஜனய’ என்பதனோடு பொருளில் நெருங்கிய சொல் அது. அலுவலர், ஆசிரியர், வைத்தியர் ஆகியோரின் போராட்டங்களுக்கே இது பெரும்பாலும் பயன்படுகிறது. தோட்டத்திலே நிற்பது வேலை. கந்தோரிலே பகிஷ்கரிக்கப்படுவது பணி. ‘வேலை’, ‘பணி’ என்ற இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் உடலுழைப்புக்கும் மேசை உழைப்புக்கும் இடையிலுள்ள தூரமேயாகும்.

வேலைநிறுத்தத்தை முறிப்போரை ஆங்கிலத் தொழிலாளர் ‘பிளாக்லெக்’ என்றனர். அது சொல்லுக்குச் சொல்லாகத் தமிழில் ‘கருங்காலி’ ஆயிற்று. அப்பெயரில் வைரம் பாய்ந்த மரமொன்று எம்மிடம் ஏற்கெனவே இருந்தது. தன்னினத்தையே வெட்டத் துணைபோகும் கோடரிக்காம்பு என்ற பழைய வழக்கின் நிழலும் அதன்மேல் விழுந்தது. கடன் வாங்கிய கருத்து இவ்வாறு மண்ணில் வேர்கொண்டது.

வேலைநிறுத்தம் சட்டத்தால் நெருக்கப்படும் காலங்களில் மக்கள் புதிய பெயர்களைப் படைக்கின்றனர். சுகயீன விடுமுறைப் போராட்டம், சட்டப்படி வேலை, அடையாள வேலைநிறுத்தம் என்பன அவ்வாறெழுந்தவை. 1953 ஓகஸ்ட் 12 ஆம் திகதி, அரிசி விலையேற்றத்துக்கு எதிராக எழுந்த ஹர்த்தாலுக்குக் கடைக்குப் பூட்டிடுதலைக் குறிக்கும் குஜராத்திச் சொல் உதவிற்று.

7

அரசும் தன் பங்குக்குப் பெயர் மாற்றத் தவறியதில்லை. 1980 யூலையில் முந்நூறு ரூபா சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தோருள் ஏறத்தாழ 40,000 பேர் தொழிலிழந்தனர். முந்திய ஆண்டிலேயே அத்தியாவசிய பொதுச்சேவைகள் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. போராடியோர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர் என்றுகூட அன்று சொல்லப்படவில்லை. அவசரகால விதிகளின்படி, அவர்கள் தமது பதவிகளைத் தாமாகவே விட்டு நீங்கியவர்களாகக் கருதப்பட்டனர். 1865 இன் தோட்டத்துரை ‘ஓடிப்போனான்’ என்றான். 1980 இன் அரசு ‘விட்டு நீங்கினான்’ என்றது. இடையில் நூற்றுப்பதினைந்து ஆண்டுகள் சென்றிருந்தன. செயலைச் செய்தவனிடமிருந்து அச்செயலின் பெயரைப் பறிக்கும் உபாயம் மாறவில்லை.

இன்றைய ஆங்கிலப் பத்திரிகைகளில் வேலைநிறுத்தங்கள் எப்போதும் யாரையோ ‘தாக்குகின்றன’: பயணிகளை, நோயாளரை, பொருளாதாரத்தை. பாயை இறக்கிய சொல்லின்மீது அடித்தல் என்ற பொருளை மீண்டும் ஏற்றி, தொழிலாளியைத் தாக்குபவனாகக் காட்டும் வழக்கு இது. எமது பத்திரிகைகளும் இதனைப் பின்பற்றத் தயங்குவதில்லை. ஆதலால் இச்சொல்லின் பிறப்பை நினைவிற் கொள்வது வெறும் சொற்பிறப்பியல் ஆர்வமன்று. 1768 இல் அம்மாலுமிகள் பாயை இறக்கினர், கப்பல்கள் நின்றன. அவற்றை அதுவரை செலுத்தியவர் யார் என்பது அன்று அனைவருக்கும் தெரிந்தது.

தோட்டத்திலும் குடிமையிலும் அடுப்படியிலும் அச்சொல் நெடுங்காலம் மறுக்கப்பட்டோரின் வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அவர்களின் மறுப்புகளைத் ‘திமிர்’, ‘ஓட்டம்’, ‘வழக்கமீறல்’ என்ற பெயர்களின் கீழ்த் தேடிக் கண்டு, அவற்றுக்குரிய பெயரை வழங்குவது தமிழ் ஆய்வாளராகிய எம்மை எதிர்நோக்கியுள்ள பணியாகும்.